கொச்சிக்கு வந்த பதினான்கு பேர்

கப்பலில் பதினோரு வருடம் வேலை பார்த்தவன் என்று தெரிந்தால், "அப்படீன்னா உலகம் பூராவும் பாத்திருப்பீங்களே" என்று கேட்கிறார்கள். நானும் தலையை ஆட்டிவைப்பேன். உண்மையைச் சொன்னால் அவர்களுக்கு ஏமாற்றம், எனக்கு வெட்கம். நான் வேலை பார்த்தது உல்லாசக் கப்பலின் சலவைக்கூடத்தில். அது கப்பலின் அடியில், தண்ணீர் மட்டத்துக்கும் கீழே இருந்தது. சன்னல் கிடையாது. கப்பல் ஓடுகிறதா நிற்கிறதா என்பதைத் தரை அதிர்வதை வைத்துத்தான் தெரிந்துகொள்வோம். மேலே பயணிகள் தீவையும் மலையையும் படம் பிடித்துக்கொண்டிருப்பார்கள். கீழே நான் அவர்களுடைய படுக்கை விரிப்புகளை நீராவி உருளைக்குள் கொடுத்து, மறுபக்கம் வாங்கி மடித்துக்கொண்டிருப்பேன்.

துறைமுகங்கள் எனக்கு டெலிபோன் கூண்டுகளாகத்தான் ஞாபகத்தில் இருக்கின்றன. இந்த ஊரில் வாசலுக்கு இடது பக்கம், அந்த ஊரில் மீன்கடைக்கு அடுத்து, இன்னோர் ஊரில் நாணயத்தை விழுங்கிவிட்டுப் பேசாமல் இருக்கும் கூண்டு. கிடைக்கிற இரண்டு மணி நேரத்தில் வரிசையில் நின்று, துடியலூரில் எங்கள் வீதிமுனையில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போடுவேன், அவர்கள் ஆள் அனுப்பி என் மனைவியைக் கூட்டி வருவார்கள். பூத்துக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க, அவள் "நல்லா இருக்கீங்களா" என்பாள். நானும் "நல்லா இருக்கேன்" என்பேன். அதற்குள் கூண்டுக்கு வெளியே அடுத்த ஆள் கண்ணாடியைத் தட்டுவான்.

ஒரே ஒரு துறைமுக ஊரைத்தான் காலையிலிருந்து சாயங்காலம் வரை சுற்றிப் பார்த்திருக்கிறேன். அது கொச்சி. தொண்ணூறுகளின் நடுவில், நான் கப்பலில் சேர்ந்த முதல் ஒப்பந்தத்தின்போது அது நடந்தது.

எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பத்தொரு நாளில் நான் கப்பலேறினேன். அவள் சத்தியமங்கலத்துப் பக்கத்துப் பெண். எங்கள் வீட்டில் இரண்டே அறை. அப்பா தோட்ட வேலையை விட்டுவிட்டு அப்போதுதான் ஒரு பம்ப் கம்பெனியில் காவலுக்குச் சேர்ந்திருந்தார். அந்த நாற்பத்தொரு நாளும் மறுவீடு, விருந்து, சர்ச்சில் சாட்சி சொல்வது என்று ஓடிப்போனது. நாங்கள் இருவரும் தனியாக உட்கார்ந்து பேசியதையெல்லாம் கூட்டினால் ஒரு முழுப் பொழுது வராது. அவளுக்குக் கோபம் வந்தால் முகம் எப்படி இருக்கும் என்பது கூட எனக்குத் தெரியாது. அப்படிப்பட்டவளை வீட்டில் விட்டுவிட்டுப் போய், எட்டு மாதமாகக் கடிதத்தில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தேன்.

எங்கள் கப்பல் அந்த வருடம் உலகத்தைச் சுற்றி வரும் நீண்ட பயணத்தில் இருந்தது. சூயஸ் தாண்டி பம்பாய், கொச்சி, கொழும்பு, சிங்கப்பூர் என்று பாதை. கொச்சியில் ஒரு பகல். பட்டியலைப் பார்த்த அன்றே எனக்கு வேலையில் கை ஓடவில்லை. எங்களுக்குத் துறைமுக நாளில் பாதிப் பேர்தான் இறங்கலாம், மீதிப் பேர் கப்பலிலேயே இருக்க வேண்டும். என்னோடு வேலை பார்த்த பிலிப்பைன்ஸ்காரனிடம் கெஞ்சினேன். பம்பாய், கொழும்பு, சிங்கப்பூர் மூன்றிலும் அவனுக்குப் பதில் நான் கப்பலில் இருப்பது, அதற்கு ஈடாகக் கொச்சி எனக்கு. அவன் சந்தோஷமாகச் சம்மதித்தான்.

அந்த நாளுக்கு நான் அப்படிப் பறந்ததற்கு வேறு ஒரு காரணமும் இருந்தது. இன்னும் இரண்டு மாதத்தில் என் ஒப்பந்தம் முடிகிறது. கப்பல் அலுவலகத்தில் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்திருந்தார்கள். முடிந்த கையோடு வேறு கப்பலில் இன்னும் பத்து மாதம், துணி இருப்பு அறைக்குப் பொறுப்பாளராக. சம்மதமென்றால் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம். கொச்சியிலிருந்து கப்பல் கிளம்புவதற்குள் பதில் சொல்லிவிட வேண்டும். எனக்கு வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்றிருந்தது. அதை நானே சொல்லிக்கொண்டு போய் நிற்க வெட்கமாகவும் இருந்தது. வீதி முழுக்க "கப்பல்காரன்" என்று பேராகிவிட்டதே. அவள் "வந்துருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன். அந்தக் கேள்வியைப் பூத்துக்காரர் முன்னால் டெலிபோனில் கேட்க முடியாது. நேரில்தான் கேட்க வேண்டும்.

எகிப்தில் கப்பல் நின்றபோது கடிதம் எழுதினேன். அவள் பேருக்குத்தான் எழுதினேன். ஆனால் யார் பேருக்கு எழுதினாலும் எங்கள் வீட்டில் கடிதத்தை அப்பாதான் பிரிப்பார், சாப்பாட்டுக்குப் பிறகு எல்லார் முன்னாலும் சத்தமாகப் படிப்பார். அதில் போய் "நீ மட்டும் வா" என்று எழுதுவது எப்படி? அம்மா காலத்துக்கும் சொல்லிக் காட்டுவார். அதனால் தேதியையும் இடத்தையும் எழுதிவிட்டு, கடைசியில், "வசதிப்பட்டால் எல்லாரும் வரவும்" என்று ஒரு வரி சேர்த்தேன். எங்கள் ஊர்ப்பக்கம் அது ஒரு பேச்சுக்குச் சொல்வது. விசேஷத்துக்கு அழைக்க வருகிறவர் வாசலில் நின்று "குடும்பத்தோட எல்லாரும் வந்துரோணுமுங்க" என்பார். நாமும் "வராம இருப்போமுங்களா" என்போம். வீட்டுக்கு ஒருவர் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவோம். கொச்சிவரை யார் மெனக்கெட்டு வரப்போகிறார்கள்? அப்பா துணைக்கு வருவார், அவளை என்னிடம் விட்டுவிட்டு டீக்கடைப் பக்கம் ஒதுங்கிவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்குக் காலை பத்து மணிக்கு அனுமதிச் சீட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெல்லிங்டன் தீவின் துறைமுக வாசலுக்கு நடந்தேன். சட்டையை நானே இரண்டு முறை தேய்த்திருந்தேன். வாசலுக்கு வெளியே ஒரு வேன் நின்றிருந்தது. அதன் முகப்பில் கோயமுத்தூர் பதிவெண். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. பக்கவாட்டுக் கதவு திறந்து அப்பா இறங்கினார். அம்மா இறங்கினார். அக்கா, அக்கா வீட்டுக்காரர், அத்தை, சித்தப்பா குடும்பம் என்று ஒவ்வொருவராக இறங்கிக்கொண்டே இருந்தார்கள். வெள்ளை அங்கியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் சர்ச் போதகரும் இறங்கினார். நான் கப்பலில் சேர நடத்தைச் சான்று எழுதிக் கொடுத்தவர் அவர். எண்ணினேன், ஓட்டுநரை விட்டுவிட்டால் பதினான்கு பேர்.

"நீயே எழுதியிருந்தியேப்பா, எல்லாரும் வரச்சொல்லி," என்றார் அப்பா. முகமெல்லாம் சிரிப்பு. "நீ கூப்பிட்டும் வராம இருந்தா மரியாதையா இருக்குமா?"

"ராத்திரி ரெண்டு மணிக்கே கெளம்பிட்டோம் மாப்ள," என்றார் அக்கா வீட்டுக்காரர். வேன் பேசியது, ஆள் சேர்த்தது எல்லாம் அவர் வேலை. "வாளையாறு தாண்டறதுக்குள்ள போதகர் மூணு ஜெபம் பண்ணிப்போட்டாருங்க."

கடைசியாக அவள் இறங்கினாள். கையில் ஒரு பெரிய தூக்குப்போசி. எட்டு மாதமாக நான் மனதில் வைத்திருந்த முகத்தைவிடக் கொஞ்சம் மெலிந்திருந்தாள். எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டு, நாங்கள் என்ன பேசப்போகிறோம் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வாங்க," என்றாள். வந்தது அவள்தான், ஆனாலும் அதைத்தான் சொன்னாள். "நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேன். நீ?"

"நல்லா இருக்கேனுங்க."

டெலிபோனில் பேசுகிற அதே பேச்சு. தூக்குப்போசியை வாங்கும்போது அவள் விரல்களைப் பார்த்தேன். நுனிகளெல்லாம் கீறல். நான் போன பிறகு ஒரு மோட்டார் பட்டறையில் கம்பிச் சுருள், அதாவது 'காயில்', சுற்றும் வேலைக்குப் போகிறாள் என்று எழுதியிருந்தார்கள். செம்புக் கம்பி விரலை அறுக்கும் என்று யாரும் எழுதவில்லை.

"சரி, எங்க போலாம்? நீ பாத்த ஊருதானே, நீயே கூட்டீட்டுப் போ," என்றார் அப்பா. கப்பலில் இருக்கிறவனுக்கு எல்லாத் துறைமுகமும் சொந்த ஊர் மாதிரி என்று அவர் எண்ணம். நான் கொச்சியை அதற்கு முன் பார்த்ததே இல்லை. நல்லவேளையாக என் சட்டைப்பையில் ஒரு தாள் இருந்தது. முந்தின நாள் ஒரு பயணியின் கால்சட்டைப் பையில் கிடைத்தது அது. துவைப்பதற்கு முன் பையைச் சோதிப்பது எங்கள் வேலையில் முதல் விதி. பயணிகளைக் கரையில் எங்கெங்கே கூட்டிப்போவார்கள், எங்கே எத்தனை நிமிடம் என்று அதில் அச்சடித்திருந்தது. அதை மடிப்புக்குள்ளேயே ஒருமுறை பார்த்துக்கொண்டு, "முதல்ல கோட்டைக் கொச்சிக்குப் போலாங்க" என்றேன், ரொம்பத் தெரிந்தவன் போல.

வேனை மரத்தடியில் விட்டுவிட்டுப் படகில் போனோம். அம்மாவுக்குத்தான் ஆசை. கப்பலுக்குள் விடமாட்டார்கள் என்று தெரிந்ததும், "படகுலயாவது ஏறிப்போடறேன் சாமி" என்றார். படகில் பெண்கள் முன்பக்கம், ஆண்கள் பின்பக்கம் உட்கார்ந்தோம். அவள் அக்காவுக்கும் அத்தைக்கும் நடுவில் இருந்தாள். நான் போதகருக்கும் அக்கா வீட்டுக்காரருக்கும் நடுவில் இருந்தேன். கப்பலில் எத்தனை மாடி, எத்தனை பேருக்குச் சோறு, புயல் வந்தால் என்ன செய்வீர்கள் என்று அக்கா வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே வந்தார். புயல் வந்தால் விரிப்புகளை மடிப்பது கஷ்டம் என்பதைத் தவிர எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் அலை இந்த உயரத்துக்கு வரும் என்று கையைத் தூக்கிக் காட்டினேன்.

கோட்டைக் கொச்சியில் அந்தத் தாள்படி முதலில் பழைய தேவாலயம். போதகருக்கு அதைவிட்டு வர மனமே இல்லை. சுவரில் பதித்திருந்த கல்லறைக் கற்களை ஒவ்வொன்றாகத் தடவித் தடவிப் படித்தார். தாளில் இருபது நிமிடம் என்று போட்டிருந்தது. எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆனது. நான் மணியைப் பார்ப்பதும் அவளைப் பார்ப்பதுமாக நின்றேன். அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்கு முழங்கால் வலி, அவள்தான் தைலம் தேய்த்துவிடுகிறாள் என்று அக்கா சொன்னார். இதையும் யாரும் எனக்கு எழுதவில்லை.

பயணிகளுக்கும் அதே தாள்தான் என்பதை நான் யோசிக்கவில்லை. எங்கள் கப்பலிலிருந்து இருபது பேர் வழிகாட்டியோடு உள்ளே வந்தார்கள். அவர்களில் ஒரு பெரியவர் இளநீலச் சட்டை போட்டிருந்தார். ஆளை நான் பார்த்ததே இல்லை, சட்டையைத்தான் தெரியும். இடது கைப் பொத்தான் விழுந்து நான் தைத்துக் கொடுத்தது. காலரின் உள்பக்கம் இருக்கிற எண்ணைக் கேட்டால் கூட அப்போது சொல்லியிருப்பேன். அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றதை அப்பா கவனித்துவிட்டார்.

"தெரிஞ்சவரா?"

"எங்க கப்பல்ல வாரவருங்க."

"அப்பறம் என்ன, போயிப் பேசு. எங்களையும் காட்டு."

பதினான்கு பேரும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு வரிசையாக நின்றார்கள். வேறு வழியில்லாமல் போனேன். "குட் மார்னிங் சார்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், என் பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். ஏதோ விற்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. உள்ளங்கையைக் காட்டி, புன்னகையோடு, வேண்டாம், நன்றி என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

"என்ன சொன்னாரு?" என்றார் அப்பா.

"அவசரமாப் போறாராமுங்க."

போதகருக்கு ஆங்கிலம் தெரியும், பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவர் அதைக் காட்டிக்கொள்ளாமல் என் முழங்கையைப் பிடித்து அழைத்துப்போய், ஒரு கல்லைக் காட்டி, "இதப் பாருங்க தம்பி, எந்த ஊர்க்காரரோ, இங்க வந்து கிடக்கறாரு" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அது இன்னும் மோசமாக இருந்தது.

மதியம் மைதானத்து ஓரத்தில் தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் கொண்டுவந்த போசியில் அரிசிம்பருப்புச் சோறு. அத்தையின் பையில் கச்சாயமும் முறுக்கும். விரிப்பில் எல்லாரும் வட்டமாக உட்கார, அவளும் அக்காவும் நின்று பரிமாறினார்கள். எட்டு மாதமாக ரொட்டியும் உருளைக்கிழங்கும் தின்ற நாக்குக்கு அந்தச் சோறு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் நான் அந்த நாளை வேறு மாதிரி நினைத்துவைத்திருந்தேன். ஏதாவது ஒரு சின்ன ஓட்டல், இரண்டு நாற்காலி, எதிரில் அவள். அந்த நினைப்பில் எனக்கு விக்கியது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "தண்ணி குடி கண்ணு, மெதுவாத் தின்னு" என்றார்.

சாப்பிட்டதும் ஒரு தந்திரம் செய்தேன். "எல்லாருக்கும் ஐஸ்கிரீம் வாங்கீட்டு வாரேன். நீயும் வா, தூக்கறதுக்கு ஆள் வேணும்," என்றேன் அவளைப் பார்த்து. அவள் எழுந்துவிட்டாள். செருப்பைக் கூட மாட்டிவிட்டாள். "அம்மணி அத்தனையும் எப்படித் தூக்கும், நானும் வாரேன்" என்று அக்கா எழுந்தார். அக்கா எழுந்ததும் சித்தி எழுந்தார். ஐந்து பேராகப் போய் ஐஸ்கிரீம் வாங்கி வந்தோம். வழியெல்லாம் அவள் எனக்கு முன்னால் பத்தடி தள்ளி நடந்துகொண்டிருந்தாள்.

மீன்வலைகள் இருக்கிற கரையில் படம் எடுத்தோம். நான் பார்சிலோனாவில் வாங்கிய காமிரா. முதலில் எல்லாரும் சேர்ந்து ஒன்று, அப்பா அம்மாவோடு ஒன்று, போதகரோடு ஒன்று. பிறகு அக்கா வீட்டுக்காரருக்கே தோன்றி, "ரெண்டு பேரும் நில்லுங்க" என்றார். பக்கத்தில் வந்து நின்றாள். தோளுக்கும் தோளுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. அப்போது கேட்டிருக்கலாம். எதிரில் பதின்மூன்று பேர் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படிக் கேட்பது? என் சொந்த ஜனம், என்மேல் பிரியத்தில் விடிய விடிய வண்டியில் வந்தவர்கள். அவர்கள்மேல் கோபப்படவும் முடியவில்லை. அத்தனை பேருக்கு நடுவில் நான் தனியாக இருந்தேன். சலவைக்கூடத்தில் தனியாக இருப்பது இதைவிட எவ்வளவோ தேவலை என்று தோன்றியது.

நான்கு மணிக்குத் துறைமுக வாசலில் இருக்க வேண்டும். மூன்று மணிக்கெல்லாம் படகுத்துறைக்கு வந்துவிட்டோம். டிக்கெட் கொடுக்கிற இடத்தில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. ஆண்கள் வரிசை தெருவரை நீண்டிருந்தது. பெண்கள் பக்கம் ஐந்தாறு பேர்தான். ஒரு பெண்ணுக்கு இரண்டு டிக்கெட்டுக்கு மேல் தரமாட்டார்கள் என்றார்கள். அத்தையும் சித்தியும் பர்ஸைத் தேடிக்கொண்டிருந்தார்கள், அம்மா தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். நான் ஆண்கள் வரிசையில் போய் நின்றேன். அவ்வளவுதான், நாள் முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது அவள் பெண்கள் வரிசையிலிருந்து விறுவிறுவென்று வந்தாள். கையில் இரண்டு டிக்கெட்.

"ஏனுங்க, வாங்க," என்றாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "படகு நிக்குது. உங்களுக்கு நேரமாச்சு. அவிங்கெல்லாம் அடுத்ததுல வரட்டும்."

அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. "ஆமாமா, நீங்க போங்க, நேரத்துக்குப் போகாட்டி உள்ள உடமாட்டாங்க," என்றார் அக்கா வீட்டுக்காரர். யாருக்கும் எதிர்த்துச் சொல்லத் தோன்றுவதற்குள் நாங்கள் பலகையைத் தாண்டிப் படகில் இருந்தோம். கயிற்றை அவிழ்த்தார்கள். கரையில் பன்னிரண்டு பேர் கையை ஆட்டினார்கள், அம்மா உட்கார்ந்தபடியே ஆட்டினார்.

வெல்லிங்டன் தீவுக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். உட்கார இடமில்லை, இயந்திரத்துக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றோம். இயந்திரம் போட்ட சத்தத்தில் காதோடு பேசினாலும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. அவளிடமிருந்து வார்னிஷ் வாசனை வந்தது. பட்டறையில் காயிலுக்குப் பூசுவது, முடியில் ஏறிவிடும் போல. தூரத்தில் எங்கள் கப்பல் வெள்ளையாக நின்றிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, "இம்மாம் பெருசுங்களா?" என்றாள். நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டாள். தண்ணீருக்குக் கீழே, வெளியிலிருந்து தெரியாது என்றேன். அவள் தண்ணீரையே பார்த்தாள்.

பாதித் தூரம் வந்தபிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது.

"இன்னும் பத்து மாசத்துக்குக் கேக்கறாங்க," என்று கத்தினேன். "இன்னைக்குச் சாயந்தரத்துக்குள்ள சொல்லோணும். கையெழுத்துப் போடட்டுமா, இல்ல வந்தரட்டுமா?"

பக்கத்தில் மீன்கூடையோடு நின்ற ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார். என் மனைவி முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிக்கொண்டாள். கம்பியை விட்டுவிட்டு மறுபடி பிடித்தாள்.

"உங்களுக்கு எது தோதுப்படுதோ அப்படியே பண்ணுங்க," என்றாள். "எங்களப் பத்தி நினைக்காதீங்க. அத்தையும் மாமாவும் நல்லாப் பாத்துக்கறாங்க. நான் நல்லா இருக்கேனுங்க."

நான் அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தேன். அவளும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் "சரி" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சாப்பாட்டுக்குத் தயிர் கிடைக்குமா, குளிருக்குப் போர்வை தருகிறார்களா என்று கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். படகு கரையைத் தொட்டது.

அடுத்த படகு வரும்வரை வாசலுக்குப் பக்கத்தில் நின்றோம். பேச ஒன்றும் இருக்கவில்லை, அல்லது அப்படி நினைத்தேன். எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். போதகர் அங்கியை மாட்டிக்கொண்டு, நடுரோட்டில், லாரிகள் ஹாரன் அடிக்க, கடலையும் காற்றையும் அடக்கச்சொல்லி நீளமாக ஜெபித்தார். அம்மா அழுதார். கச்சாயத்தை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள் என்று சொன்னபோது அத்தையும் அழுதார். அவள் அழவில்லை. வேனில் சன்னலோரம் இடம் கிடைத்தும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கப்பல் அலுவலகத்தில் தாளை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன். அவளுக்கு நான் தேவையில்லை என்று அன்றைக்கு நிச்சயமாக நம்பினேன். நாற்பத்தொரு நாள் தெரிந்த ஒருத்திக்கு நான் இல்லாவிட்டால்தான் என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கீழே போய், உடுப்பை மாற்றிக்கொண்டு, குவிந்திருந்த துணியைப் பிரிக்க உட்கார்ந்தேன். தரை அதிர ஆரம்பித்தது. மற்றவர்கள் இருக்கிறார்களே என்று பார்க்காமல் அழுதேன்.

அடுத்த வருடம் வீட்டுக்கு வந்தேன். ஒரு மாதம் ஆகியிருக்கும், எல்லாரும் அவிநாசிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். நாங்கள் இருவர் மட்டும் வீட்டில். அவள் அப்போது பட்டறையில் நான்கு பெண்களுக்கு மேல் பொறுப்பு, மொபெட் ஓட்டப் பழகியிருந்தாள். சர்ச்சில் பெண்கள் கூட்டத்துக்குச் செயலாளர். வீட்டுச் சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது, எதையோ பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"அன்னைக்குப் படகுல, நீங்க ஏனுங்க மறுக்காக் கேக்கல?"

எனக்குப் புரியவில்லை. "நீதான் நல்லா இருக்கேன்னு சொன்னியே," என்றேன்.

"வேற என்னங்க சொல்லுவாங்க?" என்றாள். கோபமில்லை, நிதானமாகத்தான் சொன்னாள். "ஒருத்தரு ஊட்டுக்குப் போறோம். சாப்புடுங்கன்னு ஒருக்காச் சொன்னதும் எலையில உக்காந்துருவமா? வேண்டாங்கன்னுதான் சொல்லுவோம். மறுக்காச் சொன்னாத்தான் கை கழுவப் போவோம். நீங்க மறுக்காக் கேப்பீங்கன்னு உங்க மொகத்தையே பாத்துட்டு இருந்தேன். நீங்க சரின்னுட்டீங்க."

டிக்கெட் எடுத்து, அத்தனை பேரையும் கரையில் நிறுத்திவிட்டு என்னைத் தனியாக அழைத்து வந்தவள் அவள். அது கூட அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. என்ன ஜென்மம் நான் என்று இருந்தது.

"சரி, இப்பக் கேக்கறேன்," என்றேன். "அடுத்த கப்பலுக்குக் கூப்பிட்டிருக்கறாங்க. போகட்டுமா, இங்கியே இருந்தரட்டுமா?"

அவள் யோசித்தாள். உபசாரத்துக்காகப் பதில் சொல்கிறவர்கள் அவ்வளவு நேரம் யோசிக்க மாட்டார்கள்.

"போயிட்டு வாங்க," என்றாள். "இப்ப எனக்குப் பழகிப்போச்சுங்க."

மறுபடியும் கேட்டேன். மூன்றாவது முறையும் கேட்டேன். மூன்று முறையும் அதே பதில்தான் சொன்னாள்.